வித்துவான்களின் கடிதங்கள்: கட்டோடு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டில் ஒரு பழைய வீட்டை இறக்குவது என்று முடிவானால் முதலில் விலை பேசப்படுபவை நிலைக்கதவும் தூணும். அடுத்து எனாமல் தட்டு, பீங்கான் ஜாடி, ரவிவர்மா படம். காகிதத்துக்கு விலை கேட்க ஆளில்லை, எடைக்குப் போய்விடும். பேரேடு, மொய் ஏடு, ஐந்தொகைத் தாள்களோடு சேர்ந்து அப்படிப் போகிறவற்றுள், பாட்டு வித்துவான்களும் நாகசுர வித்துவான்களும் அந்த வீட்டு ரசிகருக்குத் தம் கைப்பட எழுதிய கார்டுகளும் உண்டு. அவற்றை எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் காப்பது, எதைச் செய்யவே கூடாது என்று உங்கள் வாசகர்களிடம் சொல்லவே இதை எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லை என்று வெட்ட நேர்ந்தால், ஈரமும் பூச்சியும் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாமல் வையுங்கள்.

இப்படிப்பட்ட கடிதங்கள் இந்த வட்டாரத்தில் கிடைப்பதில் வியப்பில்லை. பாடகர் அரியக்குடி இராமானுஜ ஐயங்காரின் (1890–1967) ஊர் காரைக்குடியை ஒட்டியது. வீணைச் சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் காரைக்குடி என்ற பெயரோடே அறியப்பட்டவர்கள். இளையவர் 1952இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். வயலின் வைத்தியநாதன் (1935–2008) குன்னக்குடிக்காரர். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழக் காரணமான ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கானாடுகாத்தான்காரர். கலியாணம், மணிவிழா, குடமுழுக்கு என்று வித்துவான்களை வரவழைத்துக் கேட்ட வீடுகள் ஊருக்கு ஊர் இருந்தன. 1939இல் திருச்சி வானொலி நிலையம் வந்தபின், வீட்டில் உட்கார்ந்தபடி கச்சேரி கேட்டுவிட்டு வித்துவானுக்கு ஒரு கார்டு எழுதிப் போடவும் வழி பிறந்தது.

நாங்கள் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். வித்துவானின் கடிதம் தனியே நிற்கும் பொருளல்ல. ரசிகர் ஏதோ கேட்டார், அவர் பதில் எழுதினார். ‘தாங்கள் விரும்பியதை அன்றே பாடிவிட்டேன்’ என்று ஒரு கார்டில் வரி இருந்தால், விரும்பியது எது, பாடியது எங்கே என்பது அந்தக் கார்டில் இருக்காது. அதே கடிதக் கட்டுக்குள் கிடக்கும் அழைப்பிதழில் இருக்கலாம். கலியாணக் கணக்கில் இருக்கலாம். போன கடிதங்களைப் படியெடுத்து வைக்கும் பழக்கமுள்ள வீடாக இருந்தால் நகல் ஏட்டில் ரசிகரின் கேள்வியே கிடைக்கலாம். கையொப்பத்துக்காக அந்த ஒரு கார்டை உருவிச் சட்டம் போட்டால் மிஞ்சுவது ஒரு பெயர் மட்டுமே. கையொப்பத்தை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டுகிறவர்களைப் பற்றி மரியாதையாக எழுத எங்களுக்கு வரவில்லை.

ஆகவே பெட்டகத்தையோ இரும்புப் பெட்டியையோ திறந்ததும் எதையும் எடுக்காமல் முதலில் படம் எடுங்கள். மேலே எது, கீழே எது, எந்தத் துணியில் முடிந்திருந்தது என்பது தெரிய வேண்டும். பல வீடுகளில் வந்த கடிதங்களை வளைந்த இரும்புக் கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தக் கம்பி ஒரு காலவரிசை. பெரும்பாலும் அடியில் இருப்பது பழையது, நுனியில் இருப்பது புதியது. தேதி இல்லாத கார்டுக்கு முன்னும் பின்னும் உள்ள கார்டுகளே தேதி சொல்லும். எனவே கம்பியிலிருந்து கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட வேண்டும். எண்ணைக் கடிதத்தில் எழுதாதீர்கள். அதை வைக்கப்போகும் உறையில் 2பி பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தி மறுபக்கம் தடம் விழும், மை பேனா கசியும். துருவேறிய கம்பியைப் பிடித்து இழுத்தால் துளை கிழிந்து, அதைச் சுற்றியுள்ள எழுத்தும் போகும். கம்பியின் கொக்கியை வெட்டுக்குறடால் நறுக்கிவிட்டு, கார்டுகளை நுனிப்பக்கமாக ஒவ்வொன்றாக மேலே தள்ளி எடுப்பதே சரி. குண்டூசி துருப்பிடித்து ஒட்டியிருந்தால், ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகிக்கொண்டு ஊசியை மெல்ல நகர்த்த வேண்டும். நடுவில் துளையும் அதைச் சுற்றிப் பழுப்பு வளையமுமாக உள்ள கார்டைக் குறையுள்ளது என்று ஒதுக்காதீர்கள். அது அந்த வீட்டிலேயே கிடந்தது என்பதற்கு அந்த வளையம் நல்ல சாட்சி.

எண் முறை எளிதாக இருக்கட்டும். வீட்டுக்கு ஓர் எண், கட்டுக்கு ஓர் எண், கடிதத்துக்கு ஓர் எண், முன்பக்கம் அ, பின்பக்கம் ஆ. ‘வீ03-க12-017அ’ என்றால் மூன்றாம் வீடு, பன்னிரண்டாம் கட்டு, பதினேழாம் கடிதத்தின் முன்பக்கம். கவர் தனியாக இருந்தால் அதற்கும் அதே எண், கடைசியில் ‘உ’. கவரைத் தனியாகவும் கடிதத்தைத் தனியாகவும் அடுக்குவது பெரிய கெடுதல். எழுதிய நாளும் ஊரும் பலமுறை கவரில் மட்டுமே இருக்கும். அஞ்சல்தலைக்காகக் கவரின் மூலையை வெட்டுகிறவர்கள் தலையோடு முத்திரையையும் கொண்டுபோகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பழைய கவர் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, மூலை முழுதாக இருக்கிறதா என்பதைத்தான். இன்லேண்டு லெட்டரில் வேறொரு சங்கடம். அவசரமாகப் பிரித்ததில் மடிப்பு ஓரம் கிழிந்து, உள்ளே எழுதிய கடைசி இரண்டு மூன்று வரி அந்தத் துண்டோடு போயிருக்கும். கட்டின் அடியில் கிடக்கும் நீலத் துண்டுகளைக் குப்பை என்று கூட்டித் தள்ளாதீர்கள். கிழிந்துபோன அந்த வரிகள் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.

இனி, கடிதம் உண்மையானதா, எந்தக் காலத்தது என்று பார்ப்பது. இதில் நிபுணரை விடப் பஞ்சாங்கம் உதவும். அந்தக் காலத்துக் கடிதங்களில் பிள்ளையார் சுழிக்குக் கீழே தமிழ் வருடமும் மாதமும் தேதியும் ௵, ௴, ௳ குறிகளோடு இருக்கும். வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். அதனால் விரோதி என்றால் 1949–50, விஜய என்றால் 1953–54, விகாரி என்றால் 1959–60. தவறு நடப்பது தை, மாசி, பங்குனியில். ‘விரோதி ௵ தை ௴ 12 ௳’ என்பதை 1949 என்று எழுதிவிடுகிறார்கள். வருடம் சித்திரையில் பிறப்பதால் அந்தத் தை 1950 ஜனவரியில் விழும். ஏலப் பட்டியல்களிலும் இந்தப் பிழையைக் காணலாம். அஞ்சல் முத்திரையோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். முத்திரை இரண்டு இருக்கும். அனுப்பிய ஊருடையது ஒன்று, வந்து சேர்ந்த ஊருடையது ஒன்று. மங்கலாக இருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்துப் பாருங்கள். கைப்பேசியில் படமெடுத்து நிறத்தை மாற்றிப் பார்த்தாலும் எண்கள் எழும்பும்.

முகவரியும் காலம் சொல்லும். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதற்கு முன் ‘மயிலாப்பூர், சென்னை-4’ என்றிருந்தது பிறகு 600004 ஆயிற்று. 1960 என்று தேதியிட்ட கடிதத்தில் ஆறு இலக்கம் இருந்தால் அதை வாங்க வேண்டாம். காரைக்குடிக்கு வந்த கடிதத்தில் ‘இராமநாதபுரம் ஜில்லா’ என்றிருப்பது இயல்பு. சிவகங்கையைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் பிரிந்தது 1985இல்தான். புதுக்கோட்டை மாவட்டம் 1974இல் வந்தது. இன்லேண்டு லெட்டர் 1950 அக்டோபர் 2 முதல் புழக்கத்தில் உள்ளது. நயா பைசா கணக்கு 1957 ஏப்ரலில் தொடங்கியது. சுதந்திர இந்தியாவின் முதல் அஞ்சல்தலை 1947 நவம்பர் 21 அன்று வெளியானது; ஆனால் அரசர் தலை போட்டவை அதன் பிறகும் சில காலம் செல்லுபடியாயின. ஆகவே 1948 முத்திரையின் கீழே ஆறாம் ஜார்ஜ் இருந்தால் ஐயம் வேண்டாம்.

எழுத்துச் சீர்திருத்தம் இன்னொரு உரைகல். 1978இல் அரசு ஏற்ற மாற்றத்தில் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவமும் ணா, றா, னா போன்றவற்றின் சுழி வடிவமும் போயின. மொத்தம் 13 எழுத்துகள். 1950களில் எழுதியதாகச் சொல்லும் கடிதத்தில் வரிக்கு வரி இன்றைய ‘லை’யும் ‘னை’யும் இருந்தால் நின்று யோசிக்க வேண்டும். முடிவான ஆதாரம் இல்லை. பெரியார் தம் ஏடுகளில் 1935 முதலே புதிய வடிவத்தைப் பயன்படுத்தினார். அவரைப் பின்பற்றி எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனால் பழைய முறையில் பாடம் படித்த ஒரு வித்துவான் அப்படி எழுதினார் என்றால் வேறு சான்று கேட்கத்தான் வேண்டும். மறுபுறம் 1985இல் எழுதிய கடிதத்தில் பழைய ‘லை’ இருப்பது குற்றமே அல்ல. கை பழகியது எளிதில் மாறாது.

பேனாவைப் பாருங்கள். அமெரிக்கக் கடைகளிலேயே பால்பாயிண்ட் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில்தான். நம் ஊர்க் கடிதங்களில் 1950களிலும் தொட்டெழுதும் பேனாவும் மை பேனாவும்தான் பெரும்பான்மை. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் மை பேனாவின் கோடு, இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் அடர்ந்திருக்கும். கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மை தேங்கியிருக்கும். பால்பாயிண்டுக்குத் தாளில் ஒரு பள்ளம் உண்டு, பின்பக்கம் விரலால் தடவினால் தெரியும். அச்சுக் கையொப்பத்தில் அடர்த்தி ஒரே சீராக இருக்கும், அல்லது புள்ளிபுள்ளியாக இருக்கும். ரப்பர் ஸ்டாம்பில் ஓரம் தடித்து நடு வெளுத்திருக்கும். லேசர் அச்சில் கருமை தாளின் மேல் பளபளவென்று நிற்கும். ரசிகர்களுக்கு அனுப்பிய புகைப்படங்களில் இருப்பது பலவேளைகளில் படத்தோடு அச்சான கையொப்பம். படத்தைச் சாய்த்துப் பிடித்தால் கையொப்பத்தின் மேல் தனிப் பளபளப்பு தெரியாது.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 395 என்று குறித்த மலிவான டார்ச்சில் ஊதா வெளிச்சமே எல்லாவற்றையும் மறைத்துவிடும். இருட்டறையில் இதை அடித்தால், வெளுப்பேற்றும் ஒளிரும் இரசாயனம் சேர்த்த தாள் நீல வெண்மையாக மின்னும். அந்த இரசாயனம் காகிதத்தில் பரவியது 1950ஐ ஒட்டித்தான். 1938 என்று தேதியிட்ட கடிதம் அப்படி மின்னினால் தாள் பிந்தியது. மின்னாவிட்டால் உண்மையானது என்று பொருளல்ல. பழைய பேரேட்டில் எழுதாத தாள் எவ்வளவும் கிடைக்கிறது. போலி செய்கிறவருக்கும் அது தெரியும்.

அதைவிடச் சிக்கல், உண்மையான கடிதத்தில் யார் கை என்பது. குருகுலத்தில் கடிதம் எழுதுவது சீடனின் வேலைகளில் ஒன்று. வித்துவான் சொல்ல, சீடர் எழுத, கீழே கையொப்பம் மட்டும் வித்துவானுடையதாக இருக்கும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் கச்சேரி ஏற்பாடுகளைக் கணவர் சதாசிவமே கவனித்தார் என்பது எல்லோரும் அறிந்தது. எனவே அந்த வீட்டு லெட்டர்ஹெட் இருப்பதாலேயே அது அம்மையாரின் கையெழுத்து என்று சொல்லிவிட முடியாது. கடித வாசகத்தின் எழுத்தையும் கையொப்பத்தின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சாய்வு, ‘ழ’வின் வால், ‘ஸ்ரீ’யின் சுழி, புள்ளி வைக்கும் இடம் ஆகியவை ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் மாறும். இரண்டும் வேறானால் பட்டியலில் ‘எழுதியவர் வேறு, கையொப்பம் வித்துவானுடையது’ என்று போடுங்கள். அதனால் மதிப்புக் குறைந்ததென்று நாங்கள் கருதவில்லை. எழுதிய சீடர் பின்னாளில் யார் என்று தெரிந்தால் அதுவே ஒரு செய்தி. ஒப்பிடுவதற்கு எடுக்கும் கையொப்பம் அதே காலத்தை ஒட்டியதாக இருக்க வேண்டும். முப்பது வயதுக் கையொப்பத்தை எழுபது வயதுக் கையொப்பத்தோடு வைத்துப் பார்த்துப் போலி என்று சொல்வது வீண் பழி.

பெயர்க் குழப்பமும் உண்டு. ‘சுப்பிரமணிய பிள்ளை’ என்று மட்டும் கையொப்பம் இருந்தால் அது பழனியா, சித்தூரா? முன்னவர் மிருதங்கம், பின்னவர் பாட்டு. கடிதத்தில் ‘வாசிக்க வருகிறேன்’ என்று இருக்கிறதா, ‘பாட வருகிறேன்’ என்று இருக்கிறதா என்று பார்த்தால் பாதி தீரும். மீதியைக் கலியாணக் கணக்கு தீர்க்கும். நம் வீட்டுக் கணக்குகளில் கச்சேரிக்குக் கொடுத்த தொகை, இரயில் சத்தம் (கட்டணம்), வெற்றிலை பாக்கு வரை எழுதியிருப்பார்கள்; பக்கவாத்தியங்களுக்குத் தனித்தனியே பற்று இருக்கும். கடிதத்தின் தேதியும் கணக்கின் தேதியும் ஒத்துவந்தால் அதற்கு மேல் சான்றிதழ் எவரிடமும் வாங்க வேண்டாம். பேரேட்டை எடைக்குப் போட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொள்கிறவர்கள் தங்கள் சாட்சியைத் தாங்களே விற்கிறார்கள்.

காப்பதில் முதல் விதி, எதையும் ஒட்டாதீர்கள், எதையும் லேமினேட் செய்யாதீர்கள். லேமினேஷனில் சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் நாருக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு பிரிக்க வழியில்லை. செல்லோடேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறி, டேப் உதிர்ந்தபின்னும் கறை நிற்கும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி உறையும் கூடாது. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் மையை உரித்தெடுத்துக்கொள்ளும். உறை வேண்டுமென்றால் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன். அதைவிட நல்லது அமிலமற்ற தாளில் மடித்த எளிய உறை. அமிலமற்ற தாளிலும் இரண்டு வகை உண்டு, சுண்ணாம்புச் சத்து சேர்த்தது, சேர்க்காதது. மங்கலச் செய்தி வந்த கடிதங்களின் மூலையில் மஞ்சள் தடவியிருக்கும். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதை நம் வீடுகளில் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தகைய கடிதங்களுக்குச் சுண்ணாம்பு சேர்க்காத தாளே ஏற்றது. அந்த மஞ்சளை அழுக்கென்று துடைக்கவும் வேண்டாம்.

மை எந்த வகை என்று தெரியாமல் தண்ணீர் படவிடக் கூடாது. கழுவினால் போகும் நீல மை ஒரு துளி ஈரத்தில் ஓடிவிடும். நீலக்கறுப்பு மையில் இரும்பு இருப்பதால் தண்ணீரைத் தாங்கும். ஆனால் நாளாக நாளாகப் பழுப்பாகி, ஈரக்காற்றில் தாளையே அரிக்கும். எழுத்து இருந்த இடம் எழுத்தின் வடிவிலேயே துளையாவது அதனால்தான். காப்பியிங் பென்சிலில் எழுதியது காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம், ஈரம் பட்டால் கத்தரிப்பூ ஊதா. பட்டபின் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே தூசி போக மெல்லிய பிரஷ் மட்டும் போதும், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி. சுருக்கம் எடுக்க இஸ்திரி போடுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். உறிஞ்சும் தாள்களுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு வாரம் விட்டால் பெரும்பாலான மடிப்பு படிந்துவிடும்.

ஈரமும் பூச்சியும்தான் இங்கே பெரிய எதிரிகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரப்பதம் ஏறும். அது நாள் கணக்கில் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். 45 முதல் 55 வரை இருப்பது நல்லது. சிறிய ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பன்னிரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பெட்டிக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் என்று தொடங்கி, ஈரமானியைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். 40க்குக் கீழே போனால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். காய்ந்த தாள் மடிப்பில் ஒடியும். நிறம் மாறும் வகை ஜெல் நிறம் மாறியதும், அதை வேறு தட்டில் பரப்பி 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். பெட்டி வெளிச்சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. தரையிலிருந்து ஒரு சாணாவது உயர்த்தி வையுங்கள். மச்சிலும் வேண்டாம், ஓட்டின் சூடு இறங்கும். தேக்குப் பெட்டகம் பார்க்க அழகு, ஆனால் மரத்திலிருந்து வரும் அமில ஆவி தாளைப் பழுப்பாக்கும். உள்ளே அமிலமற்ற அட்டைப்பெட்டி வைத்து அதற்குள் கடிதங்களை வையுங்கள். இரும்புப் பெட்டி பூச்சிக்கு நல்ல தடுப்பு. மழைக்காலத்தில் உட்புறம் வேர்க்கும் என்பதை மறக்க வேண்டாம்.

வேப்பிலை, வசம்பு, அந்துருண்டை பற்றிக் கேட்பார்கள். வேப்பிலையைத் தாளுக்கு நடுவே வைத்தால் கறைதான் மிச்சம். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைப்பதில் தவறில்லை. பூச்சி வந்தபின் அது கொல்லும் என்று நம்பாதீர்கள். அந்துருண்டையின் ஆவி வைத்திருப்பவர் மூச்சுக்கும் ஆகாது. பூச்சி இருக்கிறது என்று ஐயம் வந்தால் கட்டைப் பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை 24 மணி நேரம் அப்படியே விட வேண்டும்; முன்பே பிரித்தால் குளிர்ந்த தாளின் மேல் காற்றின் ஈரம் படிந்து மை ஓடிவிடும். கட்டுக்குள் கண்ணாடித் தகட்டுப் புகைப்படம் இருந்தால், உறைபெட்டியில் வைக்கும் முன் அதை மட்டும் தனியே எடுத்துவிடுங்கள். இராமபாணம் மேலே மேய்ந்து தாளை மெலியவைக்கும். கரையான் உள்ளிருந்து தின்னும். கரையான் வந்த வீட்டில் பெட்டியைச் சுத்தம் செய்வதால் பயனில்லை, அது வந்த வழியைச் சுவரில் தேட வேண்டும். பூஞ்சை பிடித்ததைச் சித்திரை வெயிலில் காயப்போடுவது பரவலான பழக்கம். பூஞ்சை காயும், நீல மையும் வெளுத்துப்போகும். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், வெயில் படாத இடத்தில், காற்றோட்டமாக உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே வைத்துப் பிரஷால் தட்டுங்கள்.

படியெடுக்க அதே தாழ்வாரம் நல்ல இடம். காலை வெளிச்சம் நேரே விழாமல் பரவலாக வரும். ஸ்கேனர் இருந்தால் கார்டுக்கு 600 டிபிஐ, பெரிய தாளுக்கு 400, வண்ணத்தில், டிஃப் கோப்பாக. தாளை இழுத்துக்கொள்ளும் வகை ஸ்கேனரில் பழைய கடிதத்தைக் கொடுக்கவே கூடாது. ஓரத்தில் ஒரு சிறு அளவுகோல் தெரியட்டும். எழுத்து இல்லாத பின்பக்கத்தையும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வேறு ஊரில். சுவரில் மாட்ட ஆசை இருந்தால் நல்ல அச்சுப் பிரதியை மாட்டுங்கள். மூலத்தை மாட்டினால் சாவித்துவார வெயிலே போதும் அதை வெளுக்க.

உடைமை பற்றியும் சொல்ல வேண்டும். பங்கு வீட்டில் பொதுப் பெட்டகத்தில் இருந்த கடிதம் ஒரு பங்காளிக்கு மட்டும் சொந்தமல்ல. விற்பதானாலும் நூலகத்துக்குக் கொடுப்பதானாலும் எல்லாப் புள்ளிகளின் (பங்குள்ள குடும்பங்களின்) எழுத்துச் சம்மதமும் வாங்கிக்கொள்ளுங்கள். தாள் நமக்குச் சொந்தம். அதில் உள்ள வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆனால் போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அவர் வாழ்நாளில் வெளிவராத எழுத்துக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் கணக்கு வேறு; முதன்முதலாக வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியம் மறைந்தது 1965. அவருடைய வெளிவராத கடிதம் ஒன்று 2025இல் முதன்முதலாக அச்சேறியிருந்தால் 2085 முடியும்வரை உரிமை நிற்கும். ஆகவே அச்சிடும் முன் வாரிசுகளிடம் எழுதிக் கேட்க வேண்டும். இன்னொன்று: 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்து ஆவணங்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரக்கூடும். அப்படி வந்தால் தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வாங்க ஆள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

நூலகத்துக்குக் கொடுப்பதே நல்லதென்பது எங்கள் எண்ணம். கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டியவை சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. நோட்டீஸையும் அழைப்பிதழையும் கூட விடாமல் சேர்த்தவர் அவர். புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் கட்டைக் கலைக்காமல் வைக்க வேண்டும், ரசிகரின் பெயரில் பட்டியலிட வேண்டும், வீட்டாருக்கு ஒரு மின்பிரதி தர வேண்டும் என்ற மூன்றையும் கொடைப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். வித்துவான் பெயரில் பட்டியலிட்டால் கடிதங்கள் பத்து அடுக்குகளுக்குச் சிதறிப்போகும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மார்கழி இசைவிழாச் சமயத்தில் இத்தகைய கடிதங்களைப் படமாக வெளியிடும்போது கையொப்பத்தை மட்டும் வெட்டிப் போடாமல், முகவரிப் பக்கத்தையும் சேர்த்து, தேதியையும் எந்த ஊர் ரசிகருக்கு எழுதியது என்பதையும் படக்குறிப்பில் தாருங்கள். எழுதியவர் வேறு, கையொப்பமிட்டவர் வேறு என்றால் அதையும் குறிப்பிடுங்கள். நோய், கடன், குடும்பச் சச்சரவு பற்றிய வரிகள் இருந்தால் வீட்டாரைக் கேட்காமல் அச்சிட வேண்டாம். கதவு எண்ணை மறைப்பதானால் படத்தின் பிரதியில் மறையுங்கள். மூலத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறவர்களிடம், அடுத்த முறை ஒட்டாமல் அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழங்கடிதங்கள் சேகரிப்போர் சிலர்,
காரைக்குடி.